ஆயுத பூசையன்று எடுத்த ரீடிங்

பயந்தாங்கொள்ளிக்கு ஆராய்ச்சி எதற்கு என்று யாராவது முகத்துக்கு நேரே கேட்டிருந்தால் முனிலட்சுமி பதில் சொல்லத் தெரியாமல் விழித்திருப்பாள். பல்லிக்குப் பயம், பஸ் கண்டக்டருக்குப் பயம், கையில் சில்லறை இல்லாவிட்டால் அதற்கு ஒரு பயம். எல்லாவற்றுக்கும் மேலே பேராசிரியர் நாராயணப்பனுக்குப் பயம். அவருடைய செருப்புச் சத்தம் வராந்தாவில் கேட்டாலே தூணுக்குப் பின்னால் ஒதுங்கிவிடுவாள். அப்படிப்பட்ட பெண் அவரிடமே போய் இயற்பியலில் எம்.ஃபில். சேர்ந்தாள் என்றால், வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

எண்பத்தெட்டாம் வருஷம். ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையின் முதுகுப்பக்கம், ஒரு வார்ப்படத் தொழிற்சாலையின் மதிலை ஒட்டி அந்தக் கல்லூரி இருந்தது. எம்.ஃபில். என்பது மனப்பாடம் செய்து எழுதித் தள்ளுகிற படிப்பு இல்லை. ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு வருஷம் முழுக்க லேபில் அதோடு மல்லுக்கட்ட வேண்டும். கடைசியில் ஆய்வேடு எழுதிக் கொடுத்து, வெளியூரிலிருந்து வருகிற தேர்வாளர் முன்னால் நின்று அவர் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் சேர்ந்தாள். பயந்தவர்களுக்கு ஆசை இருக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லையே.

சூளகிரிக்குப் பக்கத்தில் கிராமம். அப்பா இல்லை. அம்மா வெங்கடம்மா முன்பு ராகிக் காட்டில் களை எடுத்தவள். கம்பெனிகள் வந்தபிறகு அவற்றில் ஒன்றில் பெருக்கித் துடைக்கிற வேலை. வெங்கடம்மாவின் தம்பி சென்னப்பன் லேத் ஓட்டுகிறவர், முப்பது தாண்டிவிட்டது. அந்தப் பக்கத்தில் அக்காள் மகளுக்குத் தாய்மாமன் உரிமைக்காரன். மனுஷன் கெட்டவர் இல்லை. முனிலட்சுமிக்கு அவரைக் கட்டிக்கொள்ள மனசில்லை, அவ்வளவுதான். எம்.எஸ்சி. முடித்ததுமே கல்யாணப் பேச்சு வந்தது. அழுது அடம்பிடித்து ஒரு வருஷம் வாங்கியிருந்தாள். வெங்கடம்மா சொன்ன சொல் சுருக்கமானது.

"ஐப்பசிக்குள்ள முடிச்சுக் காட்டு. காலேசுல வேலை குடுத்தாங்கன்னா உன் இஷ்டம். இல்லியா, தையில மாமனுக்குக் கழுத்த நீட்டு."

வேலை இருந்தது. அந்தக் கல்லூரியிலேயே, பட்டம் கைக்கு வந்ததும் விரிவுரையாளர் இடம் என்று நிர்வாகத்தில் சொல்லியிருந்தார்கள். ஆகவே எல்லாம் அந்த ஒரு பட்டத்தில் தொங்கியது.

நாராயணப்பன் தளிப் பக்கத்து நிலக்காரக் குடும்பம். உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் லாரி லாரியாக அனுப்புகிற வீட்டிலிருந்து தப்பி வந்து டாக்டர் பட்டம் வாங்கியவர். மகா கோபக்காரர். கிராஃபில் ஒரு புள்ளி நகர்ந்திருந்தால், "ஏம்மா, இந்தக் கைய வச்சிகினு மாடு மேய்க்கப் போயிருக்கலாமே?" என்பார். மாணவர்கள் அவர் அறையில் நின்றுகொண்டுதான் பேச வேண்டும். எதிரே ஒரு நாற்காலி உண்டு. அதில் எந்த மாணவரும் உட்கார்ந்ததாகச் சரித்திரம் இல்லை. ஆனால் வஞ்சனை இல்லாதவர். சோதனைக்கு வேண்டிய ரசாயனத்தைத் தன் கைக்காசில் பெங்களூரிலிருந்து வாங்கி வருவார்.

அவர் கண்டுபிடித்திருந்த ஒரு விஷயம்தான் அந்த லேபின் பெருமை. கரைசலில் மெதுவாக வளர்த்தெடுக்கிற ஓர் உப்புப் படிகம், பார்க்கக் கற்கண்டு மாதிரி இருக்கும். இரண்டு பக்கமும் வெள்ளிப் பூச்சுத் தடவி, சின்ன மின்சார அடுப்புக்குள் வைத்துச் சூடேற்ற வேண்டும். சூடு ஏற ஏற அதன் வழியாக எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று மீட்டரில் பார்த்துக் குறிக்க வேண்டும். கோடு சீராக மேலே ஏறும். எண்பத்தைந்து டிகிரி வந்ததும் திடீரென்று ஒரு புடைப்பு. பிறகு பழையபடி சீராகப் போகும். அந்தப் புடைப்புக்கு நாராயணப்பன் வைத்த பெயர் திமில். காளையின் முதுகு மாதிரியே இருக்கும். படிகத்தின் உள்ளே அணுக்கள் இடம் மாறி உட்காருகின்றன, அதனால்தான் திமில் என்பது அவர் கட்சி. மத்தியானம் சூடு ஆறும்போது அளந்தால் திமில் வருவதில்லை. அதற்கும் விளக்கம் வைத்திருந்தார்: ஏறும்போது ஒரு வழி, இறங்கும்போது ஒரு வழி, இப்படிப்பட்ட பொருள்கள் உலகத்தில் உண்டு. முனிலட்சுமிக்கு முந்தின மாணவர் இந்தத் திமிலை வைத்தே பட்டம் வாங்கி, தருமபுரியில் வேலையில் இருந்தார். டிசம்பரில் பம்பாயில் ஒரு பெரிய மாநாடு. நாராயணப்பன் கட்டுரை அனுப்பி, அதை அவர்கள் ஏற்றுக்கொண்டும் விட்டார்கள்.

முனிலட்சுமி எடுத்த நான்கு படிகங்களிலும் திமில் கச்சிதமாக வந்திருந்தது. ஐந்தாவதும் முடிந்தால் ஆய்வேடு தயார். மற்ற அத்தியாயங்கள் டைப் ஆகிவிட்டன.

கஷ்டகாலம் ஐந்தாவதில் வந்தது. ஒரு வாரமாக மழை, கரண்ட் கட். மிச்சமிருந்த ஒரே படிகத்துக்கு வெள்ளி தடவி அடுப்பில் பொருத்திவிட்டு நிமிர்ந்தால், லேப் உதவியாளர் திம்மப்பன் சந்தனக் கிண்ணத்தோடு வந்து நிற்கிறார். மறுநாள் ஆயுத பூசை. பேராசிரியர் முன்னால் நின்று மந்திரம் சொல்ல, மீட்டர், கரண்டை ஏற்ற இறக்கமில்லாமல் தருகிற ஸ்டெபிலைசர், தராசு எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து, சாமந்தி சாத்தி, கதவைச் சாத்தினார்கள். பூசைக்கு வைத்த கருவியை விஜயதசமி பூசை முடியும்வரை தொடக் கூடாது. இது ஊருக்கே தெரிந்த விஷயம். சிப்காட்டில் ஆயிரக்கணக்கான மிஷின்களும் அந்த இரண்டு நாளும் மாலை போட்டுக்கொண்டு ஓய்வெடுக்கும்.

ஆனால் அந்தப் படிகம் ஈரத்தை இழுக்கிற ஜாதி. ஒருமுறை சூடேற்றிக் காயவைத்துவிட்டால் அடுப்புக்குள்ளேயே கெடாமல் கிடக்கும். அதற்கு முன்னால் இந்த மழையில் இரண்டு நாள் விட்டால் உப்பு பூத்துக் கெட்டுப்போகும். இன்னொன்று வளர்க்க மாதக்கணக்கில் ஆகும். ஐப்பசி காத்திருக்காது. அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதே முனிலட்சுமிக்குத் தலை சுற்றியது.

பூசையன்று காலையில் பொரி கடலை வாங்கக்கூட நிற்காமல் கல்லூரிக்கு வந்தாள். திம்மப்பன் கல்லூரி வளாகத்திலேயே குடியிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தனக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது என்றார். அவள் அழ ஆரம்பித்ததும் சாவியைக் கொண்டுபோய்க் கதவைத் திறந்துவிட்டு, நான் டீ குடிக்கப் போகிறேன், எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

லேப் முழுக்க ஊதுவத்தி வாசனை. மீட்டரின் நெற்றியில் குங்குமம். முனிலட்சுமி அதன் முன்னால் நின்றாள். சரஸ்வதி கண்ணைக் குத்துவாளா, இல்லையா என்பதெல்லாம் எம்.எஸ்சி. படித்தவர்கள் யோசிக்கக் கூடாது என்பீர்கள். நீங்கள் அந்த அறையில் தனியாக நின்று பாருங்கள், தெரியும். தாயே, வேறு வழியில்லை, மன்னித்துக்கொள் என்று சொல்லி மாலையை மெதுவாகத் தள்ளிவைத்தாள்.  வழக்கம்போல ஒன்பது மணிக்கு அடுப்பைப் போட்டாள்.

கோடு ஏறியது. அறுபது. எழுபது. எண்பது டிகிரி வந்ததும் அவள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். எண்பத்தைந்து. முள் துள்ளவில்லை. எண்பத்தாறு, எண்பத்தெட்டு, தொண்ணூறு. கோடு தென்னை ஈர்க்கு மாதிரி நேராகப் போய்க்கொண்டே இருந்தது.

திமில் இல்லை.

 பூசைக்கு வைத்ததைத் தொட்டதற்குக் கூலி கையோடு கிடைத்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். மீட்டர் கெட்டுவிட்டதா? படிகம் போய்விட்டதா? மாலையைத் திரும்பச் சாத்தி, குங்குமம் கலைந்த இடத்தில் புதிதாக வைத்து, அடித்துப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினாள். சாலையில் லாரிகளுக்கு முன்னால் பூசணிக்காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிவப்பைப் பார்க்கவே அவளுக்கு என்னவோ செய்தது.

மறுநாள் விஜயதசமி. காலையில் பூசை முடிந்தது; இனித் தொடலாம். பேராசிரியர் பிரசாதம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். முனிலட்சுமி கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அதே படிகத்தை மறுபடியும் சூடேற்றினாள். இன்றைக்குக் குற்றம் ஒன்றும் இல்லை, முறைப்படி எல்லாம் ஆகிவிட்டது. அப்படியும் திமில் வரவில்லை. ஐந்தாவது படிகம் செத்துவிட்டது என்று முடிவு கட்டிக்கொண்டு, வீட்டில் யாரிடமும் பேசாமல் படுத்தாள். வெங்கடம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, காய்ச்சல் இல்லையே என்றாள்.

அடுத்த நாள் கல்லூரி திறந்தது. கடைசியாக ஒருமுறை பார்ப்போம் என்று ஒன்பது மணிக்கு அடுப்பைப் போட்டாள். எண்பத்தைந்து டிகிரியில் முள் துள்ளியது. திமில்! அழகான, கொழுத்த திமில். அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள். சாய்ந்தவள் கண்ணில் தலைக்கு மேலே மின்விசிறி பட்டது. விசிறி வேகம் குறைந்து தள்ளாடிக்கொண்டிருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் வண்டு முரலுகிற மாதிரி ஒரு சத்தம் கிளம்பியிருந்தது. வருஷம் முழுக்கக் கேட்ட சத்தம்தான். கேட்டுக் கேட்டுக் காதில் விழாமலே போயிருந்தது. நேற்றும் முந்தாநாளும் அது இல்லை.

தொழிற்சாலையில் இரும்பு உருக்குகிற மின்சார உலை. காலையில் கரண்டுக்கு நெரிசலான நேரம் முடிந்தபிறகு, பதினொரு மணிக்கு அதைப் போடுவார்கள். போட்டதும் கொஞ்ச நேரம் அக்கம்பக்கத்துக் கரண்டையெல்லாம் அது குடித்துவிடும். அப்புறம் சமாளித்துக்கொண்டு சாயங்காலம் வரை சீராக ஓடும்.

திம்மப்பன் ஒன்பதுக்கு லேபைத் திறப்பார். ஒன்பதுக்கு அடுப்பைப் போட்டால், சூடு ஒரே வேகத்தில் ஏறி, பதினொன்றுக்கு எண்பத்தைந்து டிகிரி. எல்லா நாளும், எல்லாப் படிகமும், எல்லா மாணவரும். மத்தியானம் ஆறும்போது உலை சீராக ஓடுவதால் ஒன்றும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை தொழிற்சாலைக்கு லீவு, கல்லூரிக்கும் லீவு. பொங்கலுக்கும் அப்படியே. உலை தூங்குகிற நாளில் ஒரு ரீடிங்காவது எடுத்திருந்தால் குட்டு என்றைக்கோ உடைந்திருக்கும். யார் எடுப்பார்கள்? உலைக்கு ஓய்வு விடுகிற அதே சாமிக்கு இவர்கள் மீட்டருக்கும் ஓய்வு விட்டார்கள்.

நம்ப மனம் வரவில்லை. மறுநாள் வேண்டுமென்றே பத்து மணிக்கு அடுப்பைப் போட்டாள். திமில் எண்பத்தைந்தில் வரவில்லை. ஐம்பத்தைந்திலேயே வந்து நின்றது. கூட ஒரு வோல்ட் மீட்டரை வைத்து ஸ்டெபிலைசரைச் சோதித்தாள். உள்ளே போகிற கரண்ட் எப்படி விழுந்ததோ அப்படியே வெளியேயும் விழுந்தது; விழுந்ததும் மீட்டரின் முள் நிலை தவறி மேலே எகிறியது. இத்தனை வருஷமாகச் சந்தனம் வாங்கிக்கொண்டு அந்தப் பெட்டி சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறது.

அன்றிலிருந்து அவள் பட்ட பயம் இருக்கிறதே, அதற்கு முன் பட்டதெல்லாம் விளையாட்டு. சொன்னால் நாராயணப்பன் என்ன செய்வார்? பம்பாய்? தருமபுரிக்காரரின் பட்டம்? தன்னுடைய பட்டம்? சொல்லாவிட்டால்? ஐந்தாவது படிகத்திலும் திமில் வந்துவிட்டதே, அந்தக் கிராஃபை மட்டும் ஒட்டிக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டால் யாருக்குத் தெரியும்? அப்படியும் ஒருநாள் முழுக்க நினைத்தாள், மறைப்பானேன். நினைத்தபோதே தேர்வாளர் எதிரில் நிற்பது போல் இருந்தது. கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, ஏம்மா, சூடேற்றுகிற நேரத்தை மாற்றிப் பார்த்தாயா என்று அவர் கேட்டால்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பஸ்ஸில் கண்ணாடி போட்டவர்கள் எல்லாரும் தேர்வாளராகத் தெரிந்தார்கள். சோறு இறங்கவில்லை.

கடைசியில் தாங்க முடியாமல்தான் போனாள். தைரியம் வந்து போனாள் என்று நான் சொல்லமாட்டேன். பல்வலிக்காரன் பல்லைப் பிடுங்கிக்கொள்ளப் போவதற்குப் பெயர் தைரியமா?

நாராயணப்பன் பம்பாய்க்குப் படம் வரைந்துகொண்டிருந்தார். அவள் நின்றபடி ஆரம்பித்தாள். ஆயுத பூசை என்ற வார்த்தை வாயிலிருந்து வந்ததுமே அவர் பேனாவைக் கீழே போட்டார்.

"பூசைக்கு வச்சதத் தொட்டியா? யாரக் கேட்டுத் தொட்டே?"

அதற்குமேல் ஒரு கால் மணி நேரம் அவள் பேசவில்லை, அவர்தான் பேசினார். படித்துவிட்டால் சாமி கும்பிடத் தேவையில்லையா, ஈரம் ஏறிய படிகத்தை வைத்துக்கொண்டு கதை சொல்கிறாயா, ஸ்டெபிலைசர் என்று ஒன்று எதற்கு வைத்திருக்கிறோம் என்று ஏறு ஏறு என்று ஏறினார். வராந்தாவில் போன திம்மப்பன் திரும்பிப் பார்க்காமல் ஓடிவிட்டார். முனிலட்சுமி அழுதுகொண்டே ஒன்றை மட்டும் சொன்னாள்.

"நீங்களே வந்து ஒரு தடவ பாத்துருங்க சார். நாளைக்கு நீங்க சொல்ற மணிக்கு அடுப்பப் போடறேன்."

அவர் எட்டு மணி என்றார். வீம்புக்குத்தான் சொன்னார்.

எட்டு மணிக்குப் போட்டார்கள். அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எண்பத்தைந்து டிகிரி வந்தது, ஒன்றும் நடக்கவில்லை. அவர் தொண்டையைச் செருமினார். தொண்ணூறு, நூறு. பதினொரு மணிக்கு மதிலுக்கு அப்பால் உலை முனக ஆரம்பித்தது, விசிறி தள்ளாடியது, நூற்றுப் பதினைந்து டிகிரியில் திமில் எழுந்தது. நாராயணப்பன் மீட்டரைப் பார்க்காமல் விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, செருப்புச் சத்தம்கூட இல்லாமல் போனார்.

மத்தியானம் கூப்பிட்டு அனுப்பினார். முனிலட்சுமி கதவருகே நின்றாள். அவர் முகம் காய்ச்சல்காரன் முகம் மாதிரி இருந்தது. எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினார்.

"உக்காருங்கம்மா."

மாடு மேய்க்கப் போ என்று அவர் சொன்ன எந்த நாளிலும் அவளுக்கு இப்படி உடம்பு சில்லிட்டதில்லை. உட்காருங்களாம். யாரைப் பார்த்துச் சொல்கிறார்? அவர் பேனா மூடியைக் கழற்றுவதும் திரும்ப மாட்டுவதுமாக இருப்பதைப் பார்த்தபிறகுதான் அவளுக்கு உறைத்தது: இந்த மனுஷன் பயப்படுகிறார், அதுவும் தன்னைப் பார்த்துப் பயப்படுகிறார். ஒரு வருஷமாக யாரை நினைத்து நடுங்கினாளோ அவர் இப்போது அவள் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளால் அதைத் தாங்க முடியவில்லை.

"திட்டுங்க சார்," என்றாள். "நீங்க திட்டிருங்க சார்."

அவர் திட்டவில்லை. தணிந்த குரலில் பேசினார். வேறு யாரிடமாவது சொன்னீர்களா என்று கேட்டார். இல்லை என்றாள். ஆய்வேடு இருக்கிறபடியே போகட்டும் என்றார். பட்டம் வந்துவிடும், வேலை வந்துவிடும், அதற்குத் தான் பொறுப்பு. தேர்வாளர் தெரிந்தவர்தான். பம்பாய் முடிந்து வந்ததும் நிதானமாக எல்லாவற்றையும் திருத்திக்கொள்ளலாம். ஆராய்ச்சியில் இதெல்லாம் உண்டு. இருபது வருஷம் படித்துச் சேர்த்த பேர், அதை ஒரே நாளில் தெருவில் போட முடியுமா? அவள் வீட்டு நிலைமையும் தெரியும் என்றார். மிரட்டவில்லை, கெஞ்சினார். மிரட்டியிருந்தால் அவள் பணிந்திருப்பாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

டைப் அடித்த ஆய்வேட்டை அவள் பக்கம் நகர்த்தி, முதல் பக்கத்தைத் திறந்து வைத்தார். ஒவ்வோர் ஆய்வேட்டிலும் இருக்கிற உறுதிமொழிப் பக்கம். இதில் உள்ளவை நானே செய்தவை, உண்மையானவை என்று ஆராய்ச்சி செய்தவர் கையெழுத்துப் போட வேண்டும். தன் பேனாவையே கொடுத்தார்.

முனிலட்சுமி பேனாவை வாங்கினாள். வாங்கத்தான் செய்தாள். மூடியைக் கழற்றித் தாளில் வைத்தாள். தை மாதமும் மாமனும் கண்ணுக்கு முன்னால் வந்தார்கள். முனையில் மை ஊறி ஒரு புள்ளி விழுந்தது. அதற்குமேல் கை போகவில்லை. பொய் சொல்வதற்கும் ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும். பயந்தாங்கொள்ளிக்கு அது எங்கிருந்து வரும்? ஆயுசு முழுக்க வகுப்பில் நின்றுகொண்டு, இன்றைக்கு யார் கேட்பார்கள், நாளைக்கு யார் கேட்பார்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பயத்தை நினைத்தபோது இந்தப் பயம் சின்னதாகிவிட்டது.

"கை வரமாட்டேங்குது சார். பயமா இருக்குது."

"எனக்கும்தாம்மா," என்றார் நாராயணப்பன்.

 சுவருக்கு அப்பால் உலை ஓடிக்கொண்டிருந்தது. அவர் கையை நீட்டிப் பேனாவை வாங்கிக்கொண்டார், ஆய்வேட்டை மூடினார். அதைத் திருப்பித் திருப்பி வைத்தாரே தவிர எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

"பம்பாய்க்கு நான் தந்தி குடுத்துடறேன், வரலேன்னு," என்றார். "தருமபுரிக்கும் எழுதணும். இந்த வருசம் உனக்குப் பட்டம் கெடையாது. மொதல்லருந்து அளக்கணும். தெரியுதா?"

பழையபடி நீ என்று சொல்லிவிட்டார். அவளுக்கு ஓவென்று அழுகை வந்தது.

வெளியே வந்தபிறகுதான் தான் செய்துவிட்டு வந்த காரியம் மொத்தமும் அவள் தலையில் இறங்கியது. பட்டம் இல்லை. ஐப்பசிக்குள் முடியாது. அடுத்த ஐப்பசிக்காவது முடியுமா என்றால் அதற்கும் உத்தரவாதம் இல்லை. திமில் இல்லாத அந்தப் படிகத்தில் ஆராய என்ன மிச்சமிருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, இவளுக்கும் தெரியாது. பேராசிரியரிடம் சொன்னது ஒரு கண்டம். வெங்கடம்மாவிடம் சொல்வது அடுத்த கண்டம். பஸ் நிலையத்தில் முதல் பஸ்ஸை விட்டாள். கூட்டம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அடுத்ததில் கூட்டமே இல்லை, அதையும் விட்டாள். மூன்றாவதில் ஏறி, சூளகிரி வரும்வரை அம்மாவிடம் சொல்ல ஒரு பொய்யைத் தேடினாள். தேர்வாளருக்கு உடம்பு சரியில்லை. பல்கலைக்கழகத்தில் ஸ்டிரைக். தேதியைத் தள்ளிவிட்டார்கள். ஒவ்வொன்றும் நன்றாகத்தான் இருந்தது. எதைச் சொன்னாலும் தன் முகத்தைப் பார்த்தே அம்மா கண்டுபிடித்துவிடுவாள் என்றும் தெரிந்தது.

வீட்டில் வெங்கடம்மா களி கிண்டிக்கொண்டிருந்தாள். புகை. பானையைக் காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டு துடுப்பைச் சுழற்றியவள், மகள் வாசலிலேயே நிற்பதைப் பார்த்தாள்.

"முடிஞ்சுதா?"

"முடியலம்மா."

துடுப்பு நின்றது.

"யாரு கெடுத்தது?"

பழியைத் தொழிற்சாலை உலை மேல் போடலாம். பேராசிரியர் மேல் போடலாம். சரஸ்வதி மேல்கூடப் போடலாம், அம்மா நம்பியிருப்பாள்.  முனிலட்சுமி கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"நாந்தாம்மா. இல்லாத ஒண்ண இருக்குதுன்னு எழுதியிருந்தோம். கையெழுத்துப் போடமாட்டேன்னுட்டேன். இன்னும் ஒரு வருசம் ஆவும், அதுக்கு மேலயும் ஆவும்." மூச்சு வாங்கியது. நிறுத்தினால் மறுபடி வராது என்று பயந்து மிச்சத்தையும் சொன்னாள். "தையில மாமனுக்குக் கழுத்த நீட்ட மாட்டேன்."

வெங்கடம்மா எழுந்து வந்தாள். கையில் துடுப்பு இருந்தது, அதிலிருந்து களி ஆவி பறந்தது. மகளுடைய முகத்தை, வீங்கிய கண்ணை, ஒரு வாரமாகச் சோறு காணாத கன்னத்தை மேலும் கீழும் பார்த்தாள். முனிலட்சுமி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஓடவில்லை.

"மொதல்ல உள்ள வந்து தின்னு," என்றாள் வெங்கடம்மா. "அடி அப்புறம் வாங்கிக்கலாம்."